ரிமோட் என்ன பாவம் செய்தது?

கண்டியில் ஒரு நூல் வெளியீட்டு விழா. ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு விளக்கேற்றினார்கள். கடைசிப் பேச்சாளர் நூலை ஓரமாக வைத்துவிட்டு நம்முடைய இரசனையைப் பிடித்துக்கொண்டார். இலங்கைத் தமிழனுக்கென்று ஒரு சினிமா இல்லாமல் போனதற்கு இலங்கைத் தமிழனே காரணமாம். சென்னையில் எடுத்ததையெல்லாம் விழுந்து விழுந்து பார்க்கிறானாம். அவன் வீட்டுப் பெண்கள் சீரியலுக்கு முன்னால் உட்கார்ந்து அடுப்பில் சோற்றைக் கருக்குகிறார்களாம். பிள்ளைகள் டிவித் தமிழ் பேசுகிறார்களாம். நமக்கென்று படமும் இல்லை, பாட்டும் இல்லை, கடைசியில் நாக்கும் இல்லை என்று முடித்தார். மண்டபம் கைதட்டியது. ஏழு மணியானதும், தட்டிய கைகளில் பாதி, குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே நழுவியது. பஸ் போய்விடுமாம். எந்தப் பஸ் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு டிவிக்கும் அந்தப் பஸ் ஏழரைக்குத்தான் வரும்.

நான் பல்லேகலயில் இருக்கிறேன். அன்றிரவு திகன பஸ்ஸில் திரும்பும்போது டிரைவருக்கு மேலே இருந்த சின்னத் திரையில் ஒரு சிங்களப் பாட்டு ஓடியது. மெட்டு எங்கேயோ கேட்ட மெட்டு. பக்கத்திலிருந்த வயதான ஆள் கண்ணை மூடிக்கொண்டு அதே மெட்டுக்கு வேறு சொற்களை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். தமிழ்ச் சொற்கள். யார் யாரிடம் எடுத்தது என்று அந்த பஸ்ஸில் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. கணக்குப் பார்ப்பது மேடைகளில்தான். அந்தக் கணக்கு பிழை என்பதுதான் என் கட்சி.

சினிமாவிலிருந்தே தொடங்குவோம். தென்னிந்தியப் படம் நம் சினிமாவைக் கொன்றது என்பது இன்று எவரும் ஆதாரம் கேட்காத வாக்கியம். கேட்டுப் பார்ப்போம். இந்த நாட்டின் முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947 ஜனவரியில் திரைக்கு வந்தது. தயாரித்தவர் எஸ்.எம்.நாயகம் என்ற தமிழர். படமாக்கப்பட்ட இடம் மதுரை. அதாவது, சிங்களச் சினிமா என்ற பிள்ளை பிறந்ததே தென்னிந்தியாவில்தான். அப்படிப் பிறந்தும் அது மூச்சுத்திணறிச் சாகவில்லை. ஒன்பது வருடத்தில் இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ என்ற படத்தை எடுத்தார். அதற்குப் பிறகும் சிங்கள இரசிகர்கள் ஹிந்திப் படத்துக்கு அலைமோதத்தான் செய்தார்கள். ஒரு சனம் பக்கத்து நாட்டுப் படத்தைப் பார்த்தால் சொந்தப் படம் செத்துவிடும் என்பது விதியானால், சிங்களச் சினிமா 1950களிலேயே செத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. எந்த நடிகருடைய கட்-அவுட்டுக்கு முன்னால் நம் அப்பாமார் தேங்காய் உடைத்தார்களோ, அந்த எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17இல் பிறந்தது நாவலப்பிட்டியில். பல்லேகலயிலிருந்து இரண்டு பஸ் தூரம். அவரை ‘இறக்குமதி’ என்று சொல்வதானால் சுங்கத் திணைக்களத்துக்கே குழப்பம் வரும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைக்க மாட்டேன். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. வெளிநாட்டுப் படங்களின் வரவைக் கட்டுப்படுத்தியது. அந்தப் பத்தாண்டில்தான் இலங்கைத் தமிழ்ப் படங்கள் அடுத்தடுத்து வந்தன. ‘குத்துவிளக்கு’ 1972இல். ‘கோமாளிகள்’ 1976இல், வானொலி நாடகம் ஒன்றின் புகழை நம்பி. தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் ‘பொன்மணி’யை 1977இல் தமிழில் எடுத்தார். நம் மலைநாட்டுக்கு மிக நெருக்கமானது 1975இல் வந்த ‘புதிய காற்று’. தொழிற்சங்கத் தலைவர் வி.பி.கணேசன் தயாரித்து, தோட்டத் தொழிலாளியைத் திரைக்குக் கொண்டுவந்த படம். அதற்கும் முன்னால் 1963இலேயே ‘தோட்டக்காரி’ இருந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர்கள் கேட்பார்கள்: கதவைச் சாத்தினபோது வளர்ந்தோம், திறந்தபோது அழிந்தோம், இது போதாதா?

போதாது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வந்த 1978ஆம் ஆண்டைப் பாருங்கள். செங்கை ஆழியானின் நாவல் ‘வாடைக்காற்று’ படமாக வந்தது அந்த ஆண்டில். கணேசனின் ‘நான் உங்கள் தோழன்’ வந்தது அந்த ஆண்டில். ‘தெய்வம் தந்த வீடு’ வந்ததும் அதே ஆண்டில். அதே 1978இல்தான் சிவாஜியும் மாலினி பொன்சேகாவும் நடித்த இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பான ‘பைலட் பிரேம்நாத்’ இங்கே ஓட்டமாய் ஓடியது. சிவாஜியைப் பார்த்த அதே சனம்தான் ‘வாடைக்காற்று’க்கும் டிக்கெட் எடுத்தது. ஒரு கண்ணில் அதையும் மறு கண்ணில் இதையும் பார்க்க அவர்களுக்கு முடிந்தது.

பிறகு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சினிமாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் மறந்துபோகும். 1983 ஜூலை. தமிழர்களுக்குச் சொந்தமான தியேட்டர்கள் எரிந்தன. வத்தளைப் பக்கம் ஹேந்தளையில் கே.குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. உள்ளே இருந்த நெகட்டிவ்களும் சேர்ந்து எரிந்தன. சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும்தான். 1989இல் குணரத்தினமும் சுட்டுக் கொல்லப்பட்டார். நடித்தவர்களும் எடுத்தவர்களும் போட்ட காசைத் தொலைத்தவர்களுமாகப் பலர் கப்பலேறினார்கள். ஒரு வீடு தீப்பிடித்து எரிந்த பிறகு, அந்த வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குடித்ததால்தான் வீடு அழிந்தது என்று யாராவது சொன்னால் அடிக்கப் போவோம். சினிமா விஷயத்தில் அதைத்தான் நாற்பது வருடமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். கொளுத்தியவனைப் பற்றிப் பேச ஒரு துணிச்சல் வேண்டும். ரிமோட்டைப் பிடித்திருக்கும் அம்மாவைப் பற்றிப் பேச ஒன்றும் வேண்டியதில்லை.

பாட்டுக்கு வருவோம். இதில் நம் மேடைகளுக்கு ஞாபகமறதி இன்னும் அதிகம். 1952 தொடக்கம் இந்தியாவில் அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். அந்தப் பாட்டுகளுக்கு வீடு கொடுத்தது கொழும்பு. ஹிந்திக்காரர்கள் ‘பினாகா கீத்மாலா’வை இலங்கை வானொலியில்தான் கேட்டார்கள். தமிழ்நாட்டில் மயில்வாகனனின் குரலும், பிற்காலத்தில் கே.எஸ்.ராஜாவின் குரலும், அப்துல் ஹமீதின் குரலும் டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சேர்ந்தன. இன்றைக்கும் மதுரைப் பக்கத்து முதியவர்களிடம் சிலோனிலிருந்து வருகிறேன் என்று சொன்னால் முதலில் வானொலியைத்தான் விசாரிப்பார்கள். அப்போது தமிழ்நாட்டில் எவராவது, ஐயோ, சிலோன் ரேடியோவால் நம் நாக்குக் கெட்டுப்போகிறதே என்று மாநாடு கூட்டினார்களா? கூட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தமிழ் உச்சரிப்பென்றால் அப்படி இருக்க வேண்டும் என்று புகழத்தான் செய்தார்கள்.

சேலத்தில் பிறந்து இங்கே வந்த முகைதீன் பேக் என்ற முஸ்லிம் பாடகரின் குரல் இல்லாமல் இந்த நாட்டில் ஒரு வெசாக் முடிவதில்லை. ‘சுராங்கனி’யைத் தூக்கிக்கொண்டு சிலோன் மனோகர் சென்னைக்குப் போனார், அங்கே கலியாண வீட்டு மேளக்காரர்கள்கூட அதை வாசித்தார்கள். 2021இல் யொஹானியின் ‘மெனிகே மகே ஹிதே’ இந்தியாவெங்கும் போனது. இந்த வழியில் எப்போதும் இரண்டு பக்கமும் ஆள் போக்குவரத்து இருந்திருக்கிறது. வரும் பஸ்ஸை மட்டும் எண்ணிவிட்டுப் போகும் பஸ்ஸை எண்ணாமல் விடுவது என்ன கணக்கு?

அதே 2021 மார்ச்சில் வந்தது ‘எஞ்சாயி எஞ்சாமி’. பாடகர்கள் தீயும் அறிவும் பாடியது. முதலில் கேட்டபோது, சின்னப் பிள்ளைகள் குதிப்பதற்கான பாட்டு என்று நினைத்து ஒதுக்கினேன். தன் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பியவர் என்று அறிவு சொன்ன பிறகு மறுபடி கேட்டேன். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவனுக்குத் தோட்டத்தில் ஒரு பேர்ச் நிலமும் இல்லை என்பதை எங்கள் தொழிற்சங்கக் கூட்டங்களில் மூன்று மணி நேரம் சொல்வார்கள். அந்தப் பாட்டு நான்கைந்து நிமிடத்தில், ஆட்டத்தோடு, ஒப்பாரியோடு சொல்லிவிட்டது. மலையகத்தின் கதை இந்தத் தலைமுறையில் உலகத்தின் காதில் விழுந்த மிகப் பெரிய சந்தர்ப்பம் அது. அதை எழுதியவன் நம்மூரிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு கிழவியின் பேரன். அது இந்தியப் பாட்டா, இலங்கைப் பாட்டா? எனக்கு விடை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மேடைக்காரர்களுக்குத்தான் பட்டியல் போட வேண்டும்.

இனி நாக்கு. என்னை உண்மையில் கோபப்படுத்துவது இந்தக் குற்றச்சாட்டுத்தான். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை. ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ. பேச்சுப் போட்டிக்குப் போனாள். நன்றாகப் பேசினாளாம். நடுவர் ஒருவர் கூப்பிட்டு, “மகள், நல்லாத்தான் பேசினீங்க, ஆனா இந்தியத் தமிழா இருக்கு, சீரியல் கனக்கப் பாக்கிறீங்க போல” என்றாராம். பிள்ளை வீட்டுக்கு வந்து அழுதது. அவளுடைய அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டார்: “எங்க பாட்டி சாகுற வரைக்கும் கரண்டே இல்லாத லயத்துல இருந்தாங்க. அவுங்களும் ஆமாங்க, வாங்கன்னுதான் பேசுனாங்க. அவுங்க எந்த சீரியல பாத்தாங்க?”

இதைவிடச் சுருக்கமான மறுப்பை என்னால் எழுத முடியாது. விளக்கம்தான் சேர்க்க முடியும். இந்த நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். ரூபவாஹினி தொடங்கியது 1982இல். கோப்பித் தோட்டங்களுக்குத் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியது 1820களில். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்த பாதையை, இருநூறு வருட நினைவாக 2023இல் மலையகத்து ஆட்கள் மறுபடி நடந்தார்கள். அந்தப் பாதையில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்கள் கொண்டுவந்தது ஒரு பொட்டலம் துணியும் ஒரு பேச்சும். துணி கிழிந்துவிட்டது. பேச்சு கிழியவில்லை. ‘ஆமா’ என்று சொல்லும் கண்டிப் பிள்ளை சன் டிவியைப் பார்த்துச் சொல்லவில்லை. சன் டிவியைவிட நூற்று எழுபது வருடம் மூத்த சொல்லைச் சொல்கிறாள். பெரட்டுக் களம், கொழுந்து, கங்காணி, துண்டு என்று இந்த மண்ணிலேயே வேறு அர்த்தம் பிடித்த சொற்களையும் அதோடு சேர்த்துத்தான் சொல்கிறாள். ‘ஓம்’ என்பது மட்டும்தான் இலங்கைத் தமிழ், ‘ஆமா’ என்பது கள்ளக் கடத்தல் என்று தீர்ப்புச் சொல்ல யார் உங்களுக்கு முத்திரை கொடுத்தது?

1948இல் சட்டம் போட்டு இவர்களை நாடற்றவர் ஆக்கினார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இங்கேயும் என்று ஆடு மாடு போலப் பங்குபிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். நீலகிரிக்குப் போனவர்களை அங்கே ‘சிலோன்காரங்க’ என்றார்கள். இங்கே இருந்தவர்களை ‘இந்தியாக்காரர்’ என்றார்கள். அரசாங்கங்கள் செய்தது போதாதென்று, இன்று நம்முடைய இலக்கியக்காரர்களும் ஒரு பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்து அதே ‘இந்திய’ முத்திரையைக் குத்துகிறார்கள். காரணம் கேட்டால் சீரியல்.

அந்தச் சீரியல் இந்தக் குடும்பங்களில் என்ன செய்கிறது தெரியுமா? எங்கள் அடுத்த வீட்டு அக்காவின் பெரியம்மா மகள் கோத்தகிரியில் இருக்கிறார். 1970களில் பிரிந்த குடும்பம். இருவரும் நேரில் பார்த்தது இரண்டே தடவை. வாட்ஸ்அப்பில் என்ன பேசுவது? இவருடைய ஊர் அவருக்குத் தெரியாது. அவருடைய ஊர் இவருக்குத் தெரியாது. ஆனால் நேற்றைய சீரியல் இருவருக்கும் தெரியும். அதைத் திட்டத் தொடங்கி, மருமகள், மாமியார் என்று போய், கடைசியில் அவரவர் வீட்டுச் சண்டைக்கும் கால்வலிக்கும் வந்து சேர்கிறார்கள். ஒப்பந்தம் வெட்டிப் போட்ட குடும்பத்தை ஒரு மட்டமான சீரியல் நூல் கோத்து வைத்திருக்கிறது. மட்டமான சீரியல் என்றுதான் சொல்கிறேன். நல்ல நூல் கிடைத்தால் அதையும் எடுப்பார்கள்.

‘எதிர்நீச்சல்’ சீரியல் ஓடிய காலத்தை எடுத்துக்கொள்வோம். 2022இலிருந்து 2024 வரை. திருச்செல்வம் இயக்கியது. ஆதி குணசேகரனாக மாரிமுத்து வந்து “இந்தாம்மா, ஏய்” என்றால் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் வசவு கேட்கும். பார்ப்பது பின்பற்றத்தான் என்று நினைப்பவர்கள் ஒரு தடவையாவது பெண்களோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் பார்ப்பது திட்டுவதற்கு. பல்லேகல கைத்தொழில் பேட்டைக்கு வேலைக்குப் போகிற பெண்கள், கதையில் வரும் அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்று பஸ் தரிப்பிடத்தில் வழக்குப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். சொத்தில் பெண்ணுக்குப் பங்கு என்பதை அதற்கு முன்பு அந்தத் தரிப்பிடத்தில் நான் கேட்டதில்லை. 2023 செப்டெம்பரில் மாரிமுத்து திடீரென்று இறந்தபோது, ஒன்றரை வருடமாக அவரைத் திட்டிய அதே ஆட்கள் அழுதார்கள். நடிப்புக்கும் வாழ்க்கைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் இவர்கள்தான். வித்தியாசம் தெரிந்ததால்தான் அழுதார்கள்.

கடைசி ஆறு மாதம் அந்தத் தொடர் ரப்பராய் இழுபட்டது. நானே எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன். சீரியல் நல்லது என்று நான் வாதாடவில்லை. சென்னைக்காரர்களுக்கு ஒரு கதவைத் திறக்க மூன்று நாள் வேண்டும். இங்கே சில எஃப்.எம். அறிவிப்பாளர்கள் சென்னைக்காரர் மாதிரி மூச்சுவிடாமல் ஆங்கிலம் கலந்து கத்துவது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சலுக்கு ஆள் அறிவிப்பாளர்; கேட்கும் பிள்ளை அல்ல.

படங்களைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை இங்கே எல்லோரும் தலையில் தூக்கி வைத்தார்கள். நானும் இரசித்தேன். சசிகுமாரும் சிம்ரனும் பொருளாதார நெருக்கடியில் இராமேஸ்வரத்துக்குக் கடலேறிப் போகிற குடும்பம். போருக்குப் பயந்து ஓடுகிற ஈழத்தமிழரையே காட்டிக் காட்டிப் பழகிய சென்னை, 2022இல் பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நம்மைக் காட்டியதே ஒரு மாற்றம்தான். அந்த மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறக்கவா முடியும்? படத்தில் இனிப்பு ஒரு கரண்டி அதிகம். எல்லோரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அது போகட்டும். என் சிரிப்பு வேறு இடத்தில் வந்தது. பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமே என்ற பயத்தில்தான் அந்தக் கதை நிற்கிறது. அந்தக் குடும்பம் புசல்லாவையிலிருந்து போயிருந்தால் பயமே இல்லை. படம் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும். இலங்கைத் தமிழன் என்றால் சென்னைக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சு மட்டும்தான். நம் நடுவரின் காதும் சென்னை இயக்குநரின் காதும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே காது. சீரியலால் கெட்டது யார் என்று இப்போது யோசியுங்கள்.

அந்தக் காதைக் கொஞ்சமாவது திறந்தது அதற்கு முன்பே வந்த ஒரு பாட்டுப் போட்டி. 2023இல் ஸீ தமிழின் ‘சரிகமப’ சிறுவர் மேடையில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வென்றதை எல்லோரும் கொண்டாடினோம். அதே மேடையில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போன அசானியும் நின்றாள். மலையகம் என்று ஒரு சனம் இருக்கிறது, தேயிலை தானாகப் பொட்டலத்துக்குள் போவதில்லை என்பது தமிழ்நாட்டில் பல இலட்சம் வீடுகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்த ஆய்வரங்கும் செய்யாத வேலை.

கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் கதையான ‘800’ படத்தை நாங்கள் பார்த்தது கொஞ்சம் உரிமையோடு. முரளியின் குடும்பத்து பிஸ்கட் தொழிற்சாலை குண்டசாலைப் பக்கம். 2010இல் பல்லேகல மைதானத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று மத்திய மாகாண சபை முன்மொழிந்தது. மைதானம் இன்றுவரை பல்லேகல மைதானம்தான். படத்தில் நடிக்க ஒப்புக்கொண்டிருந்த விஜய் சேதுபதி 2020 ஒக்டோபரில் தமிழ்நாட்டு எதிர்ப்பால் விலகினார். தமிழினத்துக்காகப் பேசாதவர் முரளி என்பது அவர்கள் கோபம். அவருடைய அரசியல் பேச்சுகளோடு எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்து, சிங்களப் பையன்களோடு ஒரே அறையில் வளர்ந்த ஒரு மலையக வம்சத்துப் பிள்ளை எப்படிப் பேச வேண்டும் என்று கோடம்பாக்கத்தில் இருந்து எழுதிக் கொடுக்க முடியாது. 2023இல் படம் வந்தபோது அது ஒரு பக்திப் படம் மாதிரி வழவழப்பாக இருந்தது. மெல்போர்னில் நடுவர் ஹெயர் ஏழு தடவை நோ-போல் சொல்கிற இடம் மட்டும் தியேட்டரில் அமைதி. ஆரம்பத்தில் தோட்டத்துக் கதைக்குக் கொடுத்த நிமிடங்களை இரண்டு மடங்காக்கியிருந்தால் நான் இதைவிட நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன்.

என் கணக்கில் இவற்றையெல்லாம் விட மேலே நிற்பது பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’. 2022 நெருக்கடி நேரத்தில் இராமாயணச் சுற்றுலா வருகிற ஒரு மலையாளத் தம்பதி. அவர்களுடைய ஐபேடும் போனும் களவு போகின்றன. பொலிஸ் பிடித்துக்கொண்டு போவது தோட்டத்துத் தமிழர்களை. அடி விழும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் முகத்தில் தர்ஷனா ராஜேந்திரன் காட்டியதை நான் விவரிக்கப் போவதில்லை. 2023இல் பூசானில் பரிசு வாங்கிய படம். எடுத்தவர் சிங்களவர். நடித்தவர்களில் முக்கியமானவர்கள் மலையாளிகள். பணம் கேரளத்துப் பணம். வழங்கியது மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ். இந்தியப் பணம் நம்மைக் கொல்கிறது என்ற வாய்ப்பாட்டை இந்தப் படத்துக்கு முன்னால் ஒப்பித்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்குள்ள ஒரே குறை: அடிபடுகிறவனுக்குப் படத்தில் வாய் குறைவு. அந்த வாயை அவனுக்குக் கொடுக்க வேண்டியது விதானகே அல்ல, நாம்.

நாம் ஏன் கொடுக்கவில்லை? அங்கேதான் பார்ப்பவரை விட்டுவிட்டு, காட்டுகிறவரிடம் போக வேண்டும். ஒரு தமிழ் அலைவரிசைக்குச் சென்னையில் எடுத்து முடித்த ஒரு பாகத்தை வாங்கி ஓட்டுவது, கம்பளையிலோ மாத்தளையிலோ கமெராவை இறக்கி ஒரு பாகம் எடுப்பதைவிட எவ்வளவோ மலிவு. விளம்பரக்காரர் மலிவான பக்கம் நிற்கிறார். 2006இல் வெளிநாட்டுத் தொடர்களுக்கு அரசு தீர்வை போட்டது. உள்ளூர்க் கலையைக் காக்க என்றார்கள். அந்தக் காசில் எடுத்த மலையக நாடகம் ஒன்றை இதுவரை என் வீட்டு டிவியில் நான் பார்த்ததில்லை. காட்டாத நாடகத்தைப் பார்க்கவில்லை என்று ஒரு பெண்ணைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்? கடையில் அரிசி வைக்காமல், சனம் பாணையே தின்கிறது என்று முதலாளி புலம்புகிற மாதிரி.

திரையால் கேடு வருவதே இல்லையா என்று கேட்டால், வரும். எங்கள் பக்கத்தில் வந்தது. 2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. பல்லேகலயிலிருந்து புகையைப் பார்த்தோம். போனில் பரவிய வெறுப்பு அதற்கு எண்ணெய் என்று அரசாங்கமே சமூக ஊடகங்களை நாட்கணக்கில் முடக்கியது. திரையின் தீமையைப் பற்றி ஆத்திரத்தோடு பேச விரும்புகிறவர்களுக்கு நான்கு மைல் தூரத்தில் ஓர் உண்மையான உதாரணம் இருக்கிறது. அதைப் பற்றி அந்த மேடைகளில் மூச்சே இல்லை. அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தது ஒரு சீரியலைத்தான்.

போன வருடம் கைத்தொழில் பேட்டையில் வேலை செய்கிற ஒரு தம்பி ஒரு குறும்படம் எடுத்தான். போனில்தான். அம்மா வேஷத்துக்கு ஆள் இல்லை; தன் சொந்த அம்மாவையே நிறுத்தினான். நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வெளிநாட்டுக்குப் போகிற மகனைப் பார்த்து அம்மா பேச வேண்டிய வசனம், அழகான எழுத்துத் தமிழில் முக்கால் பக்கம். அம்மா ஒரு தடவை படித்துப் பார்த்தார். “என்னடா இது, எந்தத் தாய் புள்ளையக் கப்பல் ஏத்தி அனுப்புறப்ப இப்படிப் பேசுவா? சீரியல்ல கூட இப்படிப் பேசமாட்டாங்க” என்று தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கமெராவைப் பார்க்காமல், மகனுடைய பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டு, “சாப்பாட்ட மொதல்ல தின்னுரு, கெட்டுப்போயிரும்” என்றார். அவ்வளவுதான். தம்பி வெட்டு என்று சொல்ல மறந்து நின்றான்.

இன்னொரு தடவை எடுப்போம் என்று கேட்டான். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏழு இருவத்தஞ்சு ஆச்சு. நாளைக்கு வா.”